லைட்டா ஒரு தட்டு

திண்டிவனத்தில் யாராவது காது குத்தினால், வயசுக்கு வந்தால், கல்யாணம் கட்டினால், செத்தால், அவர்களுடைய முகம் சூர்யகலாவின் கைக்கு வந்துவிட்டுத்தான் தெருவுக்குப் போகும். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தீனதயாளன் நடத்தும் பிளெக்ஸ் கடையில் அவள்தான் டிசைனர். டிசைனர் என்பது அவள் மனசுக்குள் வைத்துக்கொண்ட பட்டம். தீனதயாளன் அவளைக் 'கம்ப்யூட்டர் பொண்ணு' என்பார். கரண்ட் போய்விட்டால் வெறும் 'பொண்ணு'.

பதினொன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவள். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. வகுப்பில் எழுப்பிவிட்டால் அவளுக்குக் குரல் வராது. நிற்பாள், வேர்ப்பாள், உட்காருவாள். ஒரு வருஷம் நின்று வேர்த்துப் பார்த்துவிட்டு, இதை வீட்டிலேயே செய்யலாமே என்று நின்றுவிட்டாள். மனிதர்களோடு பேச வராத தனக்கு மனிதர்களின் முகத்தோடு பேசும் வேலை கிடைத்திருக்கிறது என்று பிற்பாடு ஒருநாள் அழகாக நினைத்துக்கொண்டாள். நினைத்த கையோடு, இதையெல்லாம் வெளியே சொல்லி வைக்காதே என்று தன்னையே அதட்டியும் வைத்தாள்.

கடைக்கு ஒரு சட்டம் இருந்தது. தீனதயாளன் முதல் நாளே சொல்லிக் கொடுத்தார். "பெத்த தாயி பார்த்தா அடையாளம் தெரியணும். ஆனா கொஞ்ச நேரம் யோசிக்கணும். அதாம்மா கரெக்டான டச்சப்பு."

சூர்யகலா அந்தச் சட்டத்துக்கு மேல் ஒரு தத்துவமே கட்டிவிட்டாள். அழகு என்பது எதையும் சேர்ப்பது இல்லை, நீக்குவது. வெயிலும் கடனும் கவலையும் வந்து ஒவ்வொரு முகத்தின் மேலும் குப்பை கொட்டியிருக்கின்றன, தான் பெருக்குகிறவள். மறு நிமிஷமே ஒரு வார்டு செயலாளரின் வழுக்கைக்கு வேறொருவரின் முடியைக் கொண்டுவந்து ஒட்டுவாள். அது எந்த நீக்கலில் சேரும் என்று தத்துவத்தைக் கேட்டதில்லை. கேட்டால் அது பதில் சொல்லிவிடுமோ என்று பயம்.

ஒரு கண்ணீர் அஞ்சலி பேனரில் செத்துப்போன பெரியவரை அவள் துடைத்துத் துலக்கி வைத்திருந்தாள். அவருடைய சம்சாரம் கடை வாசலில் அதைப் பார்த்துக்கொண்டே நின்றது. "இது எப்பம்மா எடுத்தது? இந்த வயசுல நான் அவரைப் பார்க்கவே இல்லியே" என்றது. சூர்யகலா அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு அன்று முழுவதும் சந்தோஷமாக இருந்தாள். அவள் புத்தி அவ்வளவுதான்.

கடையின் நிரந்தர வாடிக்கை, கல்யாணத் தரகர் லட்சுமியம்மாள். வாயில் வெற்றிலை, கையில் போன், போனுக்குள் அரை மாவட்டத்து வரன்கள். வந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவாள்.

"பாப்பா, இந்தப் பையனைக் கொஞ்சம் பாரு. லைட்டா ஒரு தட்டுத் தட்டி வுடு."

லட்சுமியம்மாளின் கணக்கில் ஒரு தட்டு என்றால் நிறம். இரண்டு தட்டு என்றால் நிறமும் பரு, தழும்பும். ஃபுல் சர்வீஸ் என்றால் ஆளே வேறு. அப்படி ஃபுல் சர்வீஸுக்கு வந்தவன்தான் விழுப்புரத்து இனியவன். எலக்ட்ரிகல் கடையில் வேலை. முன்நெற்றியில் முடி பின்வாங்கியிருந்தது. இடது காது, யாரோ கூப்பிட்டதைக் கேட்பதுபோல் விரிந்து நின்றது. கண்ணுக்குக் கீழே அம்மை போட்ட குழி ஒன்று. கேமராவைப் பார்க்காமல் பக்கத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான்.

சூர்யகலா வேலையைத் தொடங்கினாள். காதை உள்ளே தள்ளினாள். அந்த வார்டு செயலாளருக்கு ஒட்டியதில் மிச்சமிருந்த முடியை இவனுக்கு நட்டாள். மூக்கை நேராக்கினாள். அம்மைக் குழிதான் உயிரை வாங்கியது. மூடினால் கன்னம் மெழுகாகிவிடுகிறது, விட்டால் கண் அங்கேயே போகிறது. படத்தை நாலு மடங்கு பெரிதாக்கி, புள்ளி புள்ளியாக நிரப்பினாள். கடைசியில் கண்மணியையும் நகர்த்தி நேராகப் பார்க்க வைத்தாள்.

அவன் அவளைப் பார்த்தான்.

அதோடு போயிற்று. மூக்கு தான் நேராக்கியது, முடி வார்டு செயலாளருடையதுகூட இல்லை, பார்வை மவுஸால் தள்ளியது என்று எல்லாம் தெரிந்தவளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. தோசைக்கடைக்காரன் தன் கடைத் தோசையைப் பார்த்து ஏங்குவானா? இவள் ஏங்கினாள். வேலைத் தரம் பார்க்க என்று சொல்லி ஒரு நகலைத் தன் போனில் ஏற்றிக்கொண்டாள். தரம் ராத்திரி பகலாகப் பார்க்கப்பட்டது.

அடுத்த மாதம் லட்சுமியம்மாள் அதே படத்தை சூர்யகலாவின் வீட்டுக்கே கொண்டுவந்தாள். ஜாதகம் பொருந்திவிட்டதாம். லாரி பட்டறையில் வேலை செய்யும் அப்பா விருத்தாசலம் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கிப் பார்த்தார்.

"சினிமாக்காரன் மாதிரி இருக்கான்யா. நம்ம பொண்ணைப் போயி ஒத்துக்குவானா?"

"நம்ம பொண்ணுக்கு என்ன கொறை?" என்றாள் அம்மா செண்பகம். சொல்லிவிட்டு மகளை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை இல்லாமல் சொல்லியிருக்கலாம்.

அப்போதே சூர்யகலா வாயைத் திறந்திருக்க வேண்டும். இந்த ஆள் இப்படி இல்லை, இவனை நான்தான் செய்தேன் என்று ஒரு வார்த்தை. முன்னால் வந்த இரண்டு வரன்களும், "பொண்ணு பேசவே மாட்டேங்குது" என்று எழுந்து போயிருந்தன. இந்த முகமாவது தன்னோடு தங்கட்டுமே என்று ஆசை. பொய் என்று தெரிந்த பொய்யின் மேல் வைத்த ஆசைக்கு என்ன பெயரோ. கலைஞர்கள் அப்படித்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். கலைஞர்களை அவள் யாரையும் பார்த்ததில்லை.

அவளுடைய போட்டோவும் வேண்டுமே. கடையில் தன் முகத்தைத் தானே திறந்து வைத்து உட்கார்ந்தாள். ஒரே ஒரு தட்டு, அதற்கு மேல் இல்லை என்றுதான் ஆரம்பித்தாள். அவ்வளவு அழகானவன் பக்கத்தில் நிற்கப் போகிறவள் ஒரு தட்டோடு நிற்பது அவனுக்கு அவமரியாதை என்று தோன்றியது. பிறகு கண்ணைக் கொஞ்சம் பெரிதாக்கினாள். தாடையைக் கொஞ்சம். சாயங்காலம் பிரிண்டை வீட்டுக்குக் கொண்டுபோனபோது செண்பகம் வாங்கிப் பார்த்து, "யாருடி இது? லட்சணமா இருக்கா. இந்தப் பொண்ணையும் அந்தப் பையனுக்குக் காட்டுறாளா லட்சுமி?" என்று கவலைப்பட்டாள்.

தாய் யோசித்தாள், மகளே வாயைத் திறந்து சொல்லும்வரை அடையாளம் மட்டும் தெரியவில்லை. சட்டத்தில் பாதி நிறைவேறியது.

பனமலைக் கோயிலில் பார்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று. வீட்டுக்கு வந்து பெண் பார்த்துவிட்டுப் பிடிக்காமல் போனால் தெருவே பேசும். அதனால் முதல் பார்வையைக் கோயிலில் வைத்துக்கொள்வது இந்தப் பக்கத்து வழக்கம். இரண்டு வீட்டாரும் சாமி கும்பிட வந்ததுபோல் வர வேண்டும். தற்செயலாகப் பார்த்ததுபோல் பார்க்க வேண்டும். ஒத்துவராவிட்டால் சாமி கும்பிட்டதுபோலவே இறங்கிப் போய்விடலாம். யாரும் யாரையும் "நீங்கதானா?" என்று கேட்கக் கூடாது. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. அடையாளத்துக்குத்தான் போட்டோ இருக்கிறதே.

ஞாயிற்றுக்கிழமை விழுப்புரம் வந்து டவுன் பஸ் பிடித்தார்கள். பஸ் ஸ்டாண்டிலேயே செண்பகம் மகளுக்கு இரண்டாவது கோட்டிங் பவுடர் போட்டுவிட்டாள். மலை சின்ன மலைதான். ஆனால் பாறை கொதித்தது. பாதிப் படி ஏறுவதற்குள் சூர்யகலாவின் முகத்தில் வேர்வை வாய்க்கால் வெட்டி, பவுடர் வரப்பு வரப்பாக நின்றது. கீழே ஏரி பளபளத்துக் கிடந்தது. இப்போது அதுதான் தன்னைவிட லட்சணம் என்று நினைத்துக்கொண்டு ஏறினாள்.

மேலே சினிமாக்காரன் மாதிரி யாரும் இல்லை. பேரக் குழந்தையோடு ஒரு குடும்பம், பூசாரி, நிழலில் உட்கார்ந்து வேர்க்கடலை, இந்தப் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை, உரித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா. அவ்வளவுதான். லட்சுமியம்மாளும் வரவில்லை.

"பஸ்ஸை வுட்டுட்டாளாம். ஜல்தியா வர்றேன்னு சொல்லிக்கினே இருக்கும்போது கட்டாயிடுச்சு" என்று விருத்தாசலம் போனை உயர்த்திப் பிடித்து டவர் தேடிக்கொண்டு பாறை ஓரமாகப் போனார்.

செண்பகம் மல்லாட்டை அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்தாள். நிழல் அங்கேதான் இருந்தது.

"எந்த ஊருங்க்கா?"

"விழுப்புரம். சும்மா சாமி கும்பிட வந்தோம். நீங்க?"

"நாங்களும் சும்மாதான்."

இரண்டு 'சும்மா'வும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மல்லாட்டை தின்றன. செண்பகம் புளிசாத டப்பாவைத் திறந்து மூடியில் வைத்துக் கொடுத்தாள். அந்த அம்மா பேர் ருக்கு என்பதும், முட்டி வலிக்கு எந்த எண்ணெய் நல்லது என்பதும், இந்தக் காலத்தில் யாரும் சொன்ன நேரத்துக்கு வருவதில்லை என்பதும் பேசி முடிந்தன. வரவேண்டியவர்களைப் பற்றி இருவரும் பேர் சொல்லாமல் நன்றாகத் திட்டிக்கொண்டார்கள்.

சூர்யகலாவுக்கு உட்கார முடியவில்லை. மலைமேல் இருக்கும் ஆண்களை எல்லாம் ஒருமுறை பார்த்துவிட்டாள், பூசாரி உட்பட. வரமாட்டான் என்று தோன்றியது. அழகானவர்கள் வராமல் இருப்பதுதான் முறை. அவள் சுவர் ஓவியம் இருக்கும் சின்னச் சந்நிதிப் பக்கம் போனாள்.

உள்ளே அரையிருட்டில் ஏற்கெனவே ஒருவன் நின்றிருந்தான். சுவரில், குடைக்குக் கீழே ஒரு தேவி ஒயிலாகச் சாய்ந்து நின்றாள். காரையோடு அவள் உடம்பில் பாதி உதிர்ந்துபோயிருந்தது. மிச்சமிருந்த முகம் கீழே பார்த்தபடி, தனக்குள் ஏதோ நினைத்துக்கொண்டிருந்தது.

"பாதி போயிடுச்சு பாருங்க" என்றான் அவன், திரும்பாமலே. "ஆனா பார்த்துக்கினே இருக்கலாம் போல கீது."

வழக்கமாக இந்த இடத்தில் சூர்யகலாவுக்குக் குரல் போய்விட வேண்டும். போகவில்லை. இவன் யாரோ, இவனுக்குத் தன்னைப் பிடித்தால் என்ன, பிடிக்காவிட்டால் என்ன?

"என்கிட்ட குடுத்தா ரெண்டு நிமிஷத்துல முழுசா ஆக்கிடுவேன். அந்தப் பக்கத்துலருந்து எடுத்து இந்தப் பக்கம் ஒட்டினா போதும்."

அவன் சிரித்தான். "ஒட்டினா வேற ஆளாயிடுமேங்க. இது இன்னா நெனைச்சிக்கினு நிக்குதோ, அதை எங்கருந்து எடுத்து ஒட்டுவீங்க?"

அவளுடைய தத்துவம் முழுவதும் சுவரைப் பார்த்து நின்றது. நீக்குவதுதான் அழகு என்றால், இங்கே காலம் அவளைவிட நன்றாக நீக்கியிருந்தது. ஆனால் அது எதையும் மூடி மறைப்பதற்காக நீக்கவில்லை. போனது போனதுதான் என்று வெறும் காரையைக் காட்டிக்கொண்டு நின்றது. தான் செய்த பேனர்கள் எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தன. அத்தனை முகத்தில் ஒன்றுகூட எதையும் நினைத்துக்கொண்டிருக்கவில்லை.

"நீங்க சும்மா வந்தீங்களா?" என்று கேட்டாள். தானாகக் கேள்வி கேட்டது அவளுக்கே அதிசயம்.

"உங்ககிட்ட சொல்றதுக்கு இன்னா. பொண்ணு பார்க்க வந்தேன். பேஜாரா கீதுங்க. பொண்ணு போட்டோல அவ்ளோ அழகு. நான் அனுப்பின போட்டோல எனக்கு இல்லாத முடியெல்லாம் கீது. அந்தம்மா ஏதோ பண்ணி அனுப்பிட்டாங்க. வந்தா நேர்ல மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிடலாம்னு இருக்கேன். நம்ம மூஞ்சிக்கு அந்தப் பொண்ணு அதிகம்."

சொல்லிக்கொண்டே வாசல் வெளிச்சத்துக்குத் திரும்பினான். கண்ணுக்குக் கீழே அம்மைக் குழி. நாலு மடங்கு பெரிதாக்கி, புள்ளி புள்ளியாக அவள் நிரப்பிய குழி. ஊரில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்கு அது தெரியும்.

இத்தனை நாள் போனில் பார்த்து ஏங்கிய முகத்தோடு ஒப்பிட்டால் ஏமாற்றமாகத்தான் இருக்க வேண்டும். இல்லை. உறுத்தியது வேறொன்று. இவன் தன்னைப் பார்த்துக்கொண்டே நிற்கிறான், அடையாளம் தெரியவில்லை. இவன் மனசில் ஒருத்தி இருக்கிறாள். பெரிய கண், சின்னத் தாடை, வேர்க்காத முகம். தனக்கு ஒரு சக்களத்தியைத் தானே உட்கார்ந்து, பிக்சல் பிக்சலாகப் பெற்றெடுத்திருக்கிறாள் சூர்யகலா. அந்தக் கழுதை உண்மையிலேயே லட்சணமாகத்தான் இருந்தாள்.

சொல்லிவிட்டால் இவன் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. ஆனால் அவனுக்குப் பிடித்தவள் இல்லாமல் போய்விடுவாள். அவள் வாயைத் திறந்தாள். பழைய வகுப்பறைபோல ஒன்றும் வரவில்லை.

வெளியே செண்பகத்தின் குரல் மலை முழுவதும் கேட்டது. "ஐய! இது எங்க பொண்ணாச்சே!"

நடந்தது இதுதான். காத்திருந்து அலுத்துப்போன ருக்கு, வழக்கத்தை மீறி ரகசியத்தை அவிழ்த்து, "இந்தப் பொண்ணைத்தான்க்கா எம்புள்ளைக்குப் பார்க்க வந்தோம். நீங்க எங்கியாவது பார்த்தீங்களா?" என்று போனைக் காட்டியிருக்கிறாள்.

சூர்யகலா வெளியே வந்தபோது எல்லாரும் அவளையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ருக்குவின் வாயில் பாதி மென்ற புளிசாதம் நின்றது.

"இதுவா?" என்றாள்.

அந்த 'இது' ஊசிபோல் இறங்கியது. பின்னாலேயே வந்த இனியவன், "அப்ப உள்ள... நீங்களா?" என்றான்.

விருத்தாசலம் ஓடிவந்தார். அவர் பார்த்தது இனியவனை. "எங்கய்யா முடி?"

"பொண்ணு நெறத்தைப் பத்தி மொதல்ல சொல்லுங்க!" என்றாள் ருக்கு.

"எங்க பொண்ணு நெறத்துக்கு இன்னா? வெயில்ல ஏறி வந்துது!"

"எம்புள்ள முடியும் வெயில்லதான் கொட்டிப்போச்சுன்னு வெச்சிக்கங்க!"

இந்த நேரம் பார்த்து லட்சுமியம்மாள் மூச்சு வாங்க மேலே வந்து சேர்ந்தாள். இரண்டு வீட்டாரும் ஒன்றாகத் திரும்பினார்கள். அவள் கையெடுத்துக் கோபுரத்தைக் கும்பிட்டாள்.

"சாமி சத்தியமா நான் ஒரு பொய்யும் சொல்லலைங்க. ரெண்டு ஜாதகமும் நெஜம். போட்டோவைக் கடையில பண்ணிட்டானுங்க. அவனுங்களைக் கேளுங்க."

"எந்தக் கடை? நாளைக்கே போயி அவன் கையை ஒடைக்கிறேன்" என்று விருத்தாசலம் வேட்டியை மடித்துக் கட்டினார். மகள் எங்கே வேலை பார்க்கிறாள் என்பது கோபத்தில் அவருக்கு மறந்துவிட்டது. லட்சுமியம்மாள் சூர்யகலாவைப் பார்க்காமல் வெற்றிலையை மட்டும் மென்றாள். காட்டிக்கொடுக்க மாட்டாள் என்று தெரிந்தது. பேசாமல் இருந்தால் போதும். சாமி கும்பிட்டதுபோலவே எல்லாரும் இறங்கிப் போய்விடலாம். அவனும் அந்தப் படத்துக்காரியை மனசில் வைத்துக்கொண்டே விழுப்புரம் போய்ச் சேர்வான்.

"யப்பா" என்றாள் சூர்யகலா. குரல் தகரத்தில் ஆணி கீறியதுபோல் வந்தது. "கை என்னுதுதான். ரெண்டையும் நான்தான் பண்ணேன்."

விருத்தாசலம் மடித்துக் கட்டிய வேட்டி தானாக இறங்கியது. இனியவன்தான் முதலில் பேசினான்.

"முடி யாருதுங்க?"

"தெரியலை. கம்ப்யூட்டர்ல இருந்துது. எங்க வார்டு செயலாளருக்கும் அதான்."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ருக்குவுக்கு வரவில்லை. அவள் எழுந்து வந்து மகனுடைய இடது காதைப் பிடித்துச் சூர்யகலாவின் பக்கம் திருப்பினாள்.

"ஏம்மா, இந்தக் காது உன்னை இன்னா பண்ணுச்சு? போட்டோவுல இதை உள்ள தள்ளி வெச்சிருக்க. இது எங்கப்பா காது. அவரு போனப்புறம் இதைப் பார்த்துத்தான் நான் ஆறிக்கினு இருக்கேன்."

கடை வாசலில் பேனரைப் பார்த்துக்கொண்டே நின்ற அந்த அம்மா கேட்டது பாராட்டு இல்லை என்பது இப்போதுதான், இவ்வளவு தாமதமாக, சூர்யகலாவின் மண்டையில் ஏறியது. "தப்புதாங்க" என்றாள். அதற்கு மேல் எது சொன்னாலும் அதுவும் ஒரு டச்சப்பாகிவிடும்.

ருக்கு திரும்பிப் போய்ப் பழைய இடத்தில் உட்கார்ந்தாள். கையில் இன்னும் டப்பா மூடி இருந்தது.

"சோறு நல்லா இருந்துது" என்றாள் செண்பகத்திடம், முகத்தைப் பார்க்காமல். "இதுலியாவது ஏமாத்து வேலை ஒண்ணும் இல்லியே?"

"பெருங்காயம் கொஞ்சம் தூக்கலாப் போட்டேங்க்கா. புளி பழைய புளி" என்றாள் செண்பகம் பயந்துபோய்.

ருக்குவின் உதடு கோணியது. "சரி. எங்க அண்ணன் பார்த்து சொல்லணும். அவருக்கு ஒழுங்கா ஒரு போட்டோ அனுப்பணும். கடைப்பக்கம் போவாத போட்டோ."

இனியவன் தன் போனை எடுத்தான். "நில்லுங்க" என்றான். அவள் நின்றாள். வெயில் நேராக மூஞ்சியில் அடித்தது. கண்ணைப் பாதி மூடி, வாயைத் திறந்து, ஏதோ சொல்ல ஆரம்பிக்கும் நேரத்தில் அவன் அழுத்திவிட்டான். படத்தை அவளிடம் காட்டினான். பவுடர் வரப்புகள் அப்படியே இருந்தன. நெற்றிப் பொட்டு இடம்பெயர்ந்து புருவத்துக்கு வந்திருந்தது. கீறிய தகரம் ஆளாக நின்றதுபோல் இருந்தாள்.

அவள் விரல் தானாகத் திரைக்குப் போனது. "கொஞ்சம் பிரைட்னஸ் மட்டும்..."

அவன் போனை அவள் கையிலேயே விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். அது பெரிய கொடுமை. பிடுங்கியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவள் அந்த அவலட்சணத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அதன் திறந்த வாய் எதையோ சொல்ல வந்து நின்றிருந்தது.

"அப்படியே அனுப்புங்க" என்று திருப்பிக் கொடுத்தாள்.

அவன் அனுப்பினான். ஒரு டிக்கோடு நின்றது. மலையில் டவர் இல்லை. "இப்படிப் பிடி, ஏரிப் பக்கம் பிடி" என்று விருத்தாசலம் தன் அனுபவத்தைச் சொன்னார். இனியவன் பாறைமேல் ஏறிக் கையை உயர்த்தினான். "இன்னும் கொஞ்சம் தூக்கு ராஜா" என்றாள் லட்சுமியம்மாள், அவளுக்கும் இதில் ஒரு பங்கு வேண்டுமே. இரண்டு தாய்மார்களும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

கை வலித்து அவன் போனை இறக்கியபோது இரண்டாவது டிக் விழுந்திருந்தது. அவன் குனிந்து ஏதோ டைப் செய்தான். சூர்யகலா பார்க்காததுபோல் பார்த்தாள். எழுத்துகள் தலைகீழாகத் தெரிந்தன. பிளெக்ஸ் கடையில் வேலை பார்க்கிறவளுக்குத் தலைகீழாகப் படிப்பது பெரிய காரியம் இல்லை.

'மாமா, இதான் பொண்ணு. எனக்குப் புடிச்சிருக்கு.'

அவளுக்குக் கண்ணில் நீர் வந்தது. இத்தனை நல்ல நேரத்தில், அவள் சிறுபுத்தி நினைத்ததோ இதுதான்: கொஞ்சம் இடது பக்கமாகத் திரும்பி நின்றிருந்தால், வெளிச்சம் இன்னும் நன்றாக விழுந்திருக்கும்.